நாவலைப் படக்கதையாக்க: வேலூர்ப் பக்கத்திலிருந்து தொடங்குவோருக்கு

ஒரு பழைய நாவலை கிராஃபிக் நாவலாக்க உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நாவலின் வரிகளை வெட்டி எடுத்துக் கட்டத்தின் தலையில் பெட்டி போட்டு ஒட்டிவிட்டு, அந்த வரி சொல்வதையே கீழே வரைகிறார்கள். "குதிரை மெல்ல நடந்தது" என்று பெட்டியில் இருக்கும், கீழே ஒரு குதிரை மெல்ல நடந்துகொண்டிருக்கும். பத்து பக்கத்துக்குள் வாசகர் பெட்டியை மட்டும் படிப்பார், அல்லது படத்தை மட்டும் பார்ப்பார். இரண்டில் ஒன்று வீண். நாவலாசிரியரின் வரி அந்த இடத்தில் என்ன வேலை செய்தது என்று பார்த்து, அதைப் படத்துக்கோ பேச்சுக்கோ மௌனத்துக்கோ மாற்றிக் கொடுப்பதுதான் தழுவல். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் உரிமை

கதை பிடித்துவிட்டது என்பதற்காகப் பென்சிலை எடுக்காதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். படக்கதையாக மாற்றுவதும் அந்த உரிமைக்குள்தான் வரும். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879), 1898இல் மறைந்த ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்', 1925இல் மறைந்த மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' ஆகியவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. கல்கி 1954இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையும் ஆனவை (அரசு உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியவை), 60 ஆண்டும் கடந்தவை.

நம் பக்கத்து ஆட்களுக்கு இயல்பாகவே மு.வ. (மு. வரதராசன்) மேல் கை போகும். வாலாஜாவுக்குப் பக்கத்து வேலத்தில் பிறந்தவர், 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் அவர் மறைந்தது 1974இல். 60 ஆண்டுக் கணக்கு 2034 டிசம்பரில்தான் முடியும். எந்த எழுத்தாளரானாலும் நாட்டுடைமைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஃபோனில் "போட்டுக்கோங்க தம்பி" என்று சொன்னதெல்லாம் அனுமதி ஆகாது.

அனுமதிக் கடிதத்தில் எந்த மொழி, அச்சா மின்னூலா இரண்டுமா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்று எல்லாம் இருக்க வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். முதல் புத்தகம் ஓராண்டில் முடியாது. ஆகவே "மூன்றாண்டுக்குள் வெளியிடப்படும்" என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள்.

ஓவியத்துக்குத் தனிக் கணக்கு. 'பொன்னியின் செல்வன்' எழுத்து எல்லோருக்கும் பொது. அது தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள் அப்படியல்ல. அவர் மறைந்தது 1968இல். வந்தியத்தேவனின் கொண்டையையும் நந்தினியின் சாய்ந்த அமர்வையும் அந்தப் படங்களைப் பார்த்து அப்படியே வரைவது உரிமை மீறல். புதுப் பதிப்புகளில் வரும் முன்னுரை, அடிக்குறிப்புகளுக்கும் இதே விதிதான். மூலப் பாடத்துக்கு, பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் கோப்பையோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையோ எடுத்துக்கொண்டு, ஒரு பழைய அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளவு

'பொன்னியின் செல்வன்' 293 அத்தியாயம். அத்தியாயத்துக்கு 6 பக்கம் என்று போட்டால் 1,758 பக்கம். புதியவர் ஒரு பக்கத்தை எழுதி, வரைந்து, மை போட்டு, எழுத்து பொருத்த இரண்டு முழு நாள் ஆகும். கிட்டத்தட்ட பத்து வருஷம், லீவு இல்லாமல். முழு நாவலை முதல் வேலையாக எடுக்காதீர்கள். ஒரு நிகழ்ச்சியை எடுத்து 24 பக்கத்தில் முடியுங்கள். அதற்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும், பாத்திரங்கள் நான்கைத் தாண்டக் கூடாது, இடங்கள் மூன்றைத் தாண்டக் கூடாது.

வாசிப்பும் அட்டையும்

நாவலை மூன்று தடவை படிக்க வேண்டும். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை, அத்தியாயத்துக்கு ஓர் அட்டை: யார், எங்கே, அத்தியாயம் முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாத அட்டை எல்லாம் வெட்டுக்குரியது. 'கமலாம்பாள் சரித்திர'த்தின் பிற்பகுதி வேதாந்தத்தில் தோய்ந்து போகும். அங்கே இப்படி வெற்று அட்டைகள் நிறைய வரும். அவற்றைத் தூக்குவதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். மூன்றாம் வாசிப்பில் பென்சிலோடு உட்கார்ந்து, கண்ணால் பார்க்கக்கூடியதற்கு நேர்கோடு, காதால் கேட்கக்கூடியதற்கு நெளிகோடு, மனசுக்குள் நடப்பதற்கு வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட இடங்கள்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்யப்போகிறவை. அவற்றுக்கு ஒரு செய்கையோ ஒரு பொருளோ கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு தொடக்கம், கட்டம் கட்டமாக

'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயம் எல்லோருக்கும் தெரியும். ஆடிப்பெருக்கன்று மாலை, களைத்த குதிரையில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல் வருகிறான். ஏரிக்கு 74 கணவாய் (தண்ணீர் வெளியேறும் மதகு). மக்கள் குடும்பம் குடும்பமாகக் கரையில் இருக்கிறார்கள். பிறகு பனைமரக் கொடியோடு பெரிய படகுகள் வருகின்றன.

புதியவர் கதைசொல்லியின் வரிகளை அப்படியே ஐந்து பெட்டியாக்குவார். அப்படிச் செய்யாமல்:

முதல் பக்கம், நான்கு கட்டம். மேல் பாதி முழுக்க ஒரே கட்டம்: கடல் போல ஏரி, கரை ஒரு கோடு, அதன் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்குக் குதிரையும் ஆளும். பெட்டியில் "வீரநாராயண ஏரி. ஆடிப் பதினெட்டு." அவ்வளவுதான். வாசகரை அந்தக் காலத்துக்கு அழைத்துப்போகும் முன்னுரை வேலையை ஏரியின் அகலமே செய்துவிடுகிறது. இரண்டாம் கட்டம் சிறியது: குளம்பும் புழுதியும், சொல் கிடையாது. மூன்றாவதில் கணவாய் வழியே நுரைத்துப் பாயும் தண்ணீர், மேலே கட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் பேச்சு: "எழுபது… எழுபத்தொன்று…" ஏரி எவ்வளவு பெரியது, அவன் எவ்வளவு நேரமாக வருகிறான், எப்படிப்பட்ட ஆள் என்ற மூன்றும் இந்த இரண்டு சொல்லில் வந்துவிடும். நான்காவதில் கீழே ஒரு குடும்பம் சித்திரான்னத்தைப் பிரிக்கிறது, மேலே அவன் முகம், தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. பசி என்று எழுத வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கத்தில் திருவிழா. மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் தூரத்தில் ஒரு சின்னக் கொடி. யாரோ கை நீட்டுகிறார்கள். ஏன் மூன்றாம் பக்கம்? நம் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்பக்கம் வரும், அதற்கடுத்துதான் தாளைப் புரட்ட வேண்டும். திடுக்கிட வைப்பது எதுவானாலும் இரட்டைப்படைப் பக்கத்தின் தொடக்கத்தில் வரட்டும். இதைக் கவனிக்காமல் இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்குத் திடுக்கிடலை வைத்தால், புத்தகத்தைத் திறந்ததுமே கண் வலப்பக்கம் ஓடிப் பார்த்துவிடும்.

திரைக்கதையை இப்படி எழுதுங்கள்: பக்க எண், கட்ட எண், கட்டத்தின் அளவு, என்ன தெரிகிறது, யார் என்ன பேசுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஒரே செயல். "எழுந்து கதவைத் திறந்து வெளியே பார்த்தான்" என்று எழுதினால் ஓவியர் மூன்று கட்டம் கேட்பார், கேட்கவும் வேண்டும். பக்கத்துக்கு 5 அல்லது 6 கட்டம் சராசரி. ஒரு குமிழில் (பேச்சு எழுதும் வட்டம்) 15 சொல்லைத் தாண்டாதீர்கள், ஒரு பக்கத்தில் 80ஐத் தாண்டாதீர்கள். தமிழ்ச் சொல் விகுதி சேர்ந்து நீளும். குமிழுக்குள் "பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்ற ஒரு சொல் வந்தால் வரியே அதோடு முடிந்தது. உரையாடலில் வெட்டு இங்கேதான் தொடங்க வேண்டும்.

பேச்சு நடையை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். வந்தியத்தேவன் "இன்னாபா" என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும், கதை போய்விடும். கல்கியின் நடை சுருக்கத் தாங்கும், வட்டாரமாக்கத் தாங்காது. படகோட்டி, கடைக்காரன் போன்ற சில்லறைப் பாத்திரங்களுக்கு மட்டும் ஓரிரு சொல் தளர்த்தலாம். உரிமை உள்ள நாவலில் அதற்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியரின் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைத்தால் அவருடைய வாரிசுகள் சட்டப்படி ஆட்சேபிக்கலாம்.

பார்த்து வரைய எங்கே போவது

இதில் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வாணர் என்ற அரச குலத்தின் பழைய தலைநகரான திருவல்லம் காட்பாடி வட்டத்தில்தான் இருக்கிறது. வாணர் குலத்து வந்தியத்தேவன் ஒருவகையில் நம்மூர்க்காரன். அதே பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடி. அங்கே முதலாம் ராஜராஜன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்காக எடுத்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) நிற்கிறது. நாவல் நடக்கும் காலத்துக்கும் அதற்கும் ஒரு தலைமுறை இடைவெளிதான். தூணின் தடிமன், சுவரில் மாடம் வைக்கும் முறை, படிக்கட்டின் உயரம் எல்லாவற்றையும் அங்கே போய் அளந்து வரையுங்கள். கருவறை மேலுள்ள விமானம் ஓங்கியிருப்பதையும் கவனியுங்கள். பத்தாம் நூற்றாண்டுக் கோயிலுக்கு வானளாவிய ராஜகோபுரம் வரைவதுதான் படக்கதைகளில் அடிக்கடி காணும் தவறு. அவை பிற்காலத்தவை.

பல்லவர் கதையானால் ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடி. முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையில் குடைந்த கோயில். தூண் கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. இந்த ஒன்றைச் சரியாக வரைந்தாலே 'சிவகாமியின் சபத'த்தின் காலம் கண்ணுக்கு வந்துவிடும்.

வேலூர்க் கோட்டை பக்கத்திலேயே இருப்பதால் எல்லோரும் அதையே வரைகிறார்கள். அகழியும் இரட்டை மதிலும் அவ்வளவு அழகு, ஆசை வராமல் இருக்காது. ஆனால் அது 16ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்துக் கட்டுமானம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களும் அந்தக் காலத்து வழிவந்தவையே. அவற்றைச் சோழர் அரண்மனைக்குள் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. 1806 ஜூலை 10 கிளர்ச்சியை ஒட்டிய கதைக்கு அதே கோட்டையை அங்குலம் அங்குலமாக வரையலாம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் ஆயுதம், காசு, சிற்பம் பார்த்துக் கோட்டோவியம் எடுங்கள். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைப்பதற்கு முன் அனுமதி கேட்கும் வழக்கம் உண்டு, நோட்டும் பென்சிலும் யாருக்கும் உறுத்தாது.

சாப்பாட்டுக் காட்சியில் கவனம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி எல்லாம் போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை. சோழர் காலச் சமையலறையில் சிவப்பு மிளகாய்ச் சரம் தொங்கினால் யாராவது ஒரு வாசகர் கட்டாயம் கடிதம் போடுவார். 1890களின் கதைக்கு ரயில் வரையலாம். ராயபுரம்–வாலாஜா ரோடு பாதை 1856லேயே ஓட ஆரம்பித்தது. ஆனால் கிராமத்து வீட்டில் மின்விளக்கு வேண்டாம்.

வரைதல்

முதலில் கைப்பிரதி. ஏ4 தாளை நான்காக மடித்து, கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாமல், பக்கத்துக்கு ஒரு சிறு வரைவு. இந்த நிலையிலேயே குமிழ்களை வைத்துவிட வேண்டும். கட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை எழுத்துக்கு விடுங்கள். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்கட்டும். வலப்பக்கம் நின்றால் குமிழின் வால்கள் ஒன்றையொன்று வெட்டும், அதை வரைந்து முடித்தபின் சரிசெய்ய முடியாது. 24 பக்கத்தையும் தரையில் பரப்பி, கதை தெரியாத ஒருவரை எழுத்து இல்லாமல் "படிக்க"ச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் பக்கத்தை மறுபடி போடுங்கள்.

அசலை அச்சளவுக்கு ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது வசதி, சுருக்கும்போது கோட்டின் நடுக்கம் மறையும். 14 x 21 செ.மீ. புத்தகத்துக்கு 21 x 31.5 செ.மீ. ஏ3 தாளில் அடங்கும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) கார்ட்ரிட்ஜ் தாள், 2எச் பென்சில், நீரில் கரையாத மைப் பேனா 0.1, 0.3, 0.8, ஒரு 2ஆம் எண் தூரிகை போதும். சுருங்கும்போது 0.1 கோடு காணாமல் போகும் என்பதால் முகத்தின் நுண்கோடுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் ஏப்ரல், மே வெயிலில் உள்ளங்கை வியர்வை தாளில் இறங்கி, அந்த இடத்தில் மை பிடிக்காமல் இழுபடும். கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் எப்போதும் இருக்கட்டும். மின்விசிறி நேராக மேசை மேல் அடித்தால் பேனா முனை காய்ந்து அடைத்துக்கொள்ளும். விடியற்காலையில் மை வேலையை முடித்துவிட்டு, மதியத்தை ஸ்கேனிங்குக்கு ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மாதிரித்தாள் வேண்டும்: முன், பக்கவாட்டு, பின் தோற்றம், நான்கு முகபாவம், மற்றவர்களோடு உயர ஒப்பீடு. முழுக் கறுப்பு நிழலாக வரைந்தாலும் யார் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கொண்டை, தோள், நடை எதையாவது மாற்றுங்கள்.

எழுத்து பொருத்துதல்

நல்ல ஓவியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். தமிழில் மேலே சுழியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் வருவதால் வரி இடைவெளியை எழுத்தளவில் 130 முதல் 140 விழுக்காடு வையுங்கள். 100இல் விட்டால் மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'கி'யோடு மோதும். அச்சில் 8.5 அல்லது 9 புள்ளி அளவு. கவிவனார், பவனம், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் இலவசம், விற்பனைக்கான புத்தகத்திலும் பயன்படுத்தலாம். கவிவனார் கையெழுத்துச் சாயலில் இருப்பதால் குமிழுக்குப் பொருந்தும். நீளமான பெட்டிக்கு நேரான எழுத்து எடுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் தட்டும்போது 'கொ' உடைந்து கொம்பு தனியே திரிந்தால் எழுத்துரு கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். அமைப்புகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய் உலக மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புதிய உரைப் பெட்டியில் தட்டிப் பாருங்கள். காசு செலவில்லாமல் வேண்டுமானால் இங்க்ஸ்கேப்பும் ஸ்க்ரைபஸின் 1.5க்குப் பிந்தைய பதிப்புகளும் தமிழைச் சரியாகவே காட்டுகின்றன.

ஒலிச்சொற்களை எழுத்துருவில் தட்டாதீர்கள், கையால் வரையுங்கள். தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை: சளசள, படபட, கிணிகிணி, திடுதிடு. ஆங்கிலப் படக்கதையிலிருந்து "பூம்", "வாம்" என்று இறக்க வேண்டிய அவசியம் என்ன?

அச்சுக்கு

கோட்டோவியத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), வண்ணத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விடுங்கள், தையல் பக்கம் 12 மி.மீ. உள்ளே எந்தக் குமிழும் வரக் கூடாது. வண்ணப் பக்கங்களை சிஎம்ஒய்கே (அச்சின் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) முறைக்கு மாற்றி, எழுத்துகளைக் கறுப்பு 100, மற்ற மூன்றும் சுழியம் என்று வையுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பில் எழுத்து இருந்தால், அச்சு மயிரிழை விலகினாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் தெரியும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் 4இன் மடங்காக இருக்க வேண்டும், 24 சரியாக வரும். கறுப்பு வெள்ளைக்கு 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத வெள்ளை அச்சுத் தாள்) தாராளம், வண்ணத்துக்கு 100 அல்லது 130 ஆர்ட் தாள், மேலட்டைக்கு 250 அல்லது 300 ஆர்ட் கார்டு. முதல் 50 பிரதியை டிஜிட்டலில் போடுங்கள். சில நூறு தாண்டினால்தான் ஆஃப்செட் கட்டுப்படியாகும். அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புமுன், உள்ளூர் லேசர் பிரின்ட் கடையில் நிஜ அளவில் ஒரு பிரதி எடுத்து, மடித்து, பின் அடித்து, கையில் வைத்துப் படியுங்கள். திரையில் தெரியாத பிழைகள் அப்போதுதான் தெரியும்: எட்டாம் பக்கக் குமிழ் மடிப்புக்குள் போயிருக்கும், ஒருவர் பெயரில் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் மாறி மாறி வந்திருக்கும்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக இலவசமாகக் கிடைக்கும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அட்டை வடிவமைப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள். உரிமைப் பக்கத்தில் மூல ஆசிரியர், மூல நூல், தழுவியவர், ஓவியர், எழுத்து பொருத்தியவர் என்று எல்லாப் பெயரும் தனித்தனியாக வரட்டும். எழுதுபவரும் வரைபவரும் வெவ்வேறு ஆள் என்றால், பங்கு எவ்வளவு, அசல் தாள்கள் யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள். வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பிரதிகளையும் சேர்த்தே அச்சு எண்ணிக்கையைப் போடுங்கள்.